வாயை மட்டும் அசைங்க

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் பொன்மலர் பேக்கிங் சூப்பர்வைசர். யாராவது ஒரு பெட்டியில் ஜோடி மாற்றி வைத்துவிட்டால் அவள் போடும் சத்தம் கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் வரைக்கும் கேட்கும். அப்பேர்ப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை ஆனால் சர்ச்சில், பாடகர் குழுவின் இரண்டாவது வரிசையில், ஊமையாக நின்றாள். வாய் அசையும். சத்தம் வராது.

இது அவளாகச் செய்துகொண்ட ஏற்பாடு இல்லை. தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமாகி வந்த புதிதில், ஆசை ஆசையாகக் குழுவில் சேர்ந்தாள். கிறிஸ்மஸ் கீத ஆராதனைக்குப் பயிற்சி நடந்தது. பாட்டு உச்சிக்குப் போனபோது அவள் குரல் பிசிறியது. முடிந்ததும் கொயர் மாஸ்டர் ஜெயகரன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், தப்பா நெனைக்காதீங்க. உங்க குரல் மேல போகும்போது ஒடையுது. ஆனா குழுவ விட்டுப் போவாதீங்க. வாய மட்டும் அசைங்க, போதும். யார்கிட்டயும் சொல்ல வேணாம். உங்களுக்குத்தான் சங்கடம்."

ரொம்பத் தன்மையாகச் சொன்னார். தன்மையாகச் சொல்லிவிட்டால் விஷமும் தொண்டைக்குள் சுலபமாக இறங்கிவிடும் போலிருக்கிறது. பொன்மலர் தலையாட்டினாள். தனக்குக் குரல் இல்லை என்று நம்பினாள். பிறகு அக்சா பிறந்தபோது பிள்ளைக்கு ஒரு தாலாட்டுகூடப் பாடவில்லை. கேசட்டைப் போட்டுத் தூங்க வைத்தாள்.

அந்த அக்சா 2009-ல் பாவாடை சட்டையிலிருந்து சுடிதாருக்கு மாறி, குழுவிலும் சேர்ந்தாள். முதல் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்தவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள். பொன்மலர் விடாமல் கேட்டாள். கடைசியில் தலையணைக்குள்ளிருந்து சொன்னாள்.

"மாஸ்டர் என்ன வாய மட்டும் அசைக்கச் சொல்ட்டாரும்மா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம்."

பொன்மலருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தனக்குச் சொன்னதைத் தாங்கிக்கொண்டவளால் மகளுக்குச் சொன்னதைத் தாங்க முடியவில்லை. அதே வார்த்தைகள். அச்சடித்து வைத்திருக்கிறாரா மனிதர்?

மறுநாள் வேலை முடிந்ததும் கம்பெனிக்கு எதிரே இருந்த நிசார் அஹமதுவின் பிரவுசிங் சென்டருக்குப் போனாள். மேலே பாடினால் குரல் ஏன் உடைகிறது என்று தேடித் தரச் சொன்னாள். நிசார் தேடிக் கொடுத்த பக்கங்களுக்கு நடுவே ஏதோ ஒரு வெளிநாட்டுக் கல்லூரி இலவசமாகப் போட்டிருந்த இசைப் பாடம் ஒன்று இருந்தது.

"ஃப்ரீயா? சும்மா இன்னாத்துக்குக்கா குடுக்குறான்? ஜாக்கிரதை" என்றான் நிசார்.

ஏற்றுமதி மெயில்களைப் படித்துப் பழகிய இங்கிலீஷை வைத்துக்கொண்டு பொன்மலர் தினமும் மாலையில் பாடத்தைத் திறந்தாள். ஒலித்துண்டு கம்ப்யூட்டரில் இறங்குவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். மேற்கத்திய இசையை எழுதும் ஐந்து கோடுகள், அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கும் புள்ளிகள் எல்லாம் முதலில் மண்டையைக் குடைந்தன. விடவில்லை. ஒரு பாடத்தில், கூடவே பாடி உங்கள் குரல் எதுவரை இறங்குகிறது, எதுவரை ஏறுகிறது என்று கண்டுபிடியுங்கள் என்று போட்டிருந்தது. காதில் ஹெட்போன் இருந்ததால் தான் எவ்வளவு சத்தமாகப் பாடுகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. நிசார் ஓடி வந்தான்.

"அக்கா, இங்க படம் பாக்குறவன் இருக்கான், சாட் பண்றவன் இருக்கான். பாட்டு பாடுறது நீங்க ஒருத்தர்தான். பாடுங்க, பேஜார் இல்ல. கொஞ்சம் கம்மியா."

அந்தப் பாடத்தில்தான் விஷயம் வெளிவந்தது. பெண் குரல் எல்லாம் ஒன்று இல்லை. சிலருக்கு உயரம் எளிது, சிலருக்குத் தாழ்வு எளிது. இரண்டுமே நல்ல குரல்தான். உயரத்தில் திணறுகிறவருக்காக அதே பாட்டை அப்படியே இறக்கிப் பாடலாம். மெட்டு ஒரு மயிரிழை மாறாது. பொன்மலர் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். இவ்வளவுதானா? இந்த ஒரு பத்தியைச் சொல்ல ஊரில் ஒரு ஆளுக்கும் வாய் வரவில்லையா?

பாவம், மாஸ்டருக்குத் தெரிந்திருக்காது என்று அவளே அவருக்குச் சமாதானமும் தேடிக்கொண்டாள். அதுதான் அவளுடைய நல்ல மனசு. அடுத்த பயிற்சியில், எல்லோரும் இருக்கும்போதே, மரியாதையாகத்தான் கேட்டாள்.

"மாஸ்டர், இந்தப் பாட்டு எங்களுக்கு ரொம்ப மேல இருக்கு. கீபோர்டுல சுருதிய எறக்குற பட்டன் இருக்காமே. கொஞ்சம் எறக்கினா நாங்களும் பாடுவோம்."

ஜெயகரன் சிரித்தார். "எனக்குத் தெரியாதாம்மா? லண்டன் மியூசிக் பரீட்சை எழுதினவன் நானு. எறக்கினா முன் வரிசையில பாடுறவங்க கொரல் எடுபடாது. மேல இருந்தாத்தான் பாட்டு பளிச்சுனு இருக்கும்."

தெரியும். தெரிந்தேதான் செய்திருக்கிறார்.

"அப்ப எங்கள எதுக்கு நிக்க வெச்சீங்க?"

"கொயர்னா நெறைஞ்சு தெரிய வேணாமா? ஒரே கலர் பொடவையில ரெண்டு வரிசை நின்னாத்தான் பாக்க லட்சணம்."

பூச்சாடியா நான்? வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு பொன்மலர் வரிசையின் பக்கம் திரும்பினாள். கம்பெனியில் போடுகிற அதே குரலில் கேட்டாள்.

"வாய மட்டும் அசைக்கச் சொன்னது இங்க யார் யாருக்கு?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு நர்ஸ் ஜெமியின் கை மெல்ல உயர்ந்தது. ஜெமி! குழுவிலேயே பெரிதாக வாய் திறப்பவள் அவள்தான். எத்தனையோ கிறிஸ்மஸ்களாக அந்த வாயைப் பார்த்துத்தான் பொன்மலர் தன் வாயை அசைத்துவந்தாள். அடுத்து இன்னொரு கை. அப்புறம் இன்னொன்று. அக்சாவின் கையும் சேர்ந்து, இரண்டாவது வரிசை முழுக்கக் கைகள். ஒவ்வொருத்தியும் தான் ஒருத்தி மட்டும்தான் என்று நினைத்து, பக்கத்தில் நிற்பவளிடம்கூட மூச்சு விடாமல் இருந்திருக்கிறாள்.

ஜெயகரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாய்டுச்சு. ஜெபம் பண்ணிட்டுக் கெளம்பலாம்."

"ஜெபம் அப்புறம் மாஸ்டர். மொதல்ல அந்தப் பட்டன அமுக்குங்க."

முன் வரிசையிலிருந்துகூட யாரும் அவருக்காகப் பேசவில்லை. அமுக்கினார். பாட்டு ஆரம்பித்தது. உச்சி வந்தபோது பொன்மலர் பழக்கதோஷத்தில் பயந்தாள். ஆனால் குரல் உடையவில்லை, போய்ச் சேர்ந்தது. பக்கத்தில் அக்சா பாடுவது கேட்டது. ஜெமி அழுதுகொண்டே பாடினாள்.

பாடி முடித்ததும் எல்லோரும் பொன்மலரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினார்கள். அவளோ தன் குரலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படியொன்றும் பிரமாதமான குரல் இல்லை. தேனும் இல்லை, பாலும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி பாத்திரம் தேய்க்கும்போது பாடுவாளே, அந்த மாதிரி ஒரு சாதாரணக் குரல். இது வெளியே வந்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் ஆகியிருக்கும்? பிள்ளையாவது அம்மா குரலில் தூங்கியிருக்கும். வந்தபோது இல்லாத கோபத்தோடு பொன்மலர் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.