அக்காவின் தம்பி நம்மவன் ஆன விதம்

நான் ஊருக்குப் போன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த கீழ் வீட்டு அக்கா ஒருநாள் கேட்டார்: "அது என்ன, வாய்க்கு வாய் நம்ம, நம்மங்கிற? யாரு பேரு அது?"

அமெரிக்காவில், நியூஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அப்பார்ட்மென்ட்டில் பாதிக்கு மேல் நம் ஊர்க்காரர்கள்தான். புதிதாக யாராவது சாமான் இறக்கினால் போதும், 'நம்மாளுங்களா?' என்று பார்க்க நாலு ஜன்னலில் திரை விலகும். ஈரோட்டுக்காரியான எனக்கோ அந்தச் சொல் இல்லாமல் ஒரு வாக்கியம் ஓடாது. அக்காவுக்கு விளக்கிச் சொன்னேன். எங்கள் பாஷையில் 'நாங்க' என்றால் கேட்கிறவர் அதில் சேர்த்தி இல்லை. 'நாம' என்றால் அவரும் உண்டு. 'எங்க வீடு' என்றால் அது எங்களுடையது, அவ்வளவுதான். 'நம்ம வீடு' என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சாப்பிடலாம்.

அக்கா காபியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "எங்களுக்கு ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான். சொல்றவன் எதை நினைச்சுச் சொன்னான்னு கேக்குறவன்தான் அவன் மூஞ்சியைப் பார்த்துக் கண்டுபிடிக்கணும்."

எங்கள் பேச்செல்லாம் இங்கிலீஷ்தான். அவர் டிவி பார்த்துக் கற்றது, நான் கடை வரிசையில் நின்று கற்றது. இலக்கணம் பார்த்திருந்தால் இரண்டு பேரும் வாயே திறந்திருக்க மாட்டோம். இங்கே எல்லாவற்றையும் எனக்குக் கேட்டபடி தமிழில் போடுகிறேன். 'அக்கா' நான் சொல்லிக்கொடுத்த சொல். அது ஒன்றைத்தான் அவர் சுத்தமாக உச்சரிப்பார்.

யூகோஸ்லாவியா உடைந்து பிறந்த சின்ன நாடுகளில் ஒன்று அவருடையது. எது என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தம்பி அங்கேதான் இருக்கிறார், பூகோள வாத்தியார். நடுவில் ஆறு ஓடுகிற சின்ன ஊர். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு மொழி வேறு, சாமி வேறு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வருஷக்கணக்காக வரிசையில் நிற்கிற நாடு அது. "நாங்க ஒரு அடி வெச்சா கதவு ரெண்டு அடி பின்னால போகுது" என்பார் அக்கா. "எங்க கிரீன் கார்டு மாதிரிங்க்கா" என்பேன். சிரிப்போம்.

கடைசியில் கதவு கொஞ்சம் அசைந்தது. நீதிமன்றங்கள் கட்சிக்காரர்கள் கையை விட்டு வெளியே வர வேண்டும், பாலத்துக்கு அந்தப் பக்கத்து மொழிக்கும் அரசாங்க ஆபீசில் இடம் வேண்டும் என்று நிபந்தனை. இதற்குச் சம்மதமா என்று நாடு முழுக்க ஓட்டு வைத்தார்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள் அதுவரை ஓட்டுப் போட மலை தாண்டி வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. பாதிப் பேர் போகவே மாட்டார்களாம். இந்தத் தடவை அவர்கள் பெயர்களைத் தம்பியின் பள்ளிக்கூடத்து வாக்காளர் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். வாக்குச்சாவடிக்குத் தலைமை அதிகாரி தம்பிதான்.

பள்ளிக்கூடச் சுவரில் ஒருநாள் 'விலைபோனவன்' என்று பெயிண்டில் எழுதியிருந்தது. தம்பி அதைப் படம் பிடித்து, எழுத்துப் பிழையைச் சிவப்பில் வட்டம் போட்டு அக்காவுக்கு அனுப்பினார். அக்கா அதை எனக்குக் காட்டினார். அவர் சிரிக்கவில்லை.

எழுதியது முகமூடி போட்ட பையன்கள். வெளியே விளையாட்டுக் கிளப் என்று பெயர். "என்ன விளையாட்டுங்க்கா?" என்றேன். "ஓட்டம். அவங்க துரத்துவாங்க, மத்தவங்க ஓடுவாங்க."

அந்தக் கிளப்புக்கு இங்கே நியூஜெர்சியிலிருந்து ஜெர்சி வாங்கி அனுப்புகிறவரை எனக்கே தெரியும். பக்கத்து ஊரான மான்மவுத் ஜங்ஷனில் இருந்தார். அக்கா நாட்டுக்காரர், கூரை போடுகிற கான்ட்ராக்டர். ஒரு பனிக்காலத்தில் என் கார் பேட்டரி செத்துப்போய் நின்றபோது வேலையை விட்டுவிட்டு வந்து கிளப்பிக் கொடுத்தவர். தங்கமான மனுஷன். கிளப்பின் தலைவன் அவருடைய அக்கா மகன்.

"அவர் ஒரு வார்த்தை சொன்னா என் தம்பியை விட்டுருவாங்க" என்றார் அக்கா. "கூட்டிட்டுப் போறியா? ரூட் ஒன் ஹைவேல கார் ஓட்ட எனக்குப் பயம்."

என் வீட்டுக்காரர் கேட்டார்: "ஏம்புள்ள, அவங்க ஊர் வம்பு உனக்கெதுக்கு? நம்ம கிரீன் கார்டு பேப்பரே இன்னும் ப்ராசஸ்ல கிடக்குது."

"டிரைவ்தாங்க பண்றேன். ஓட்டா போடப் போறேன்?"

கூரைக்காரர் தன் கராஜில் ஏணிகளுக்கு நடுவில் நாற்காலி துடைத்துப் போட்டு எங்களை உட்கார வைத்தார். எனக்குப் புரியட்டும் என்று இங்கிலீஷிலேயே பேசினார். அவ்வளவு மரியாதை.

"நீங்க இந்தியாக்காரங்க, உங்களுக்கு விளக்கவே வேண்டாம். வெளியாள் வந்து உங்க ஊருக்குச் சட்டம் போட்டா விடுவீங்களா?"

"இங்க நாமளே வெளியாளுங்கதானே" என்றேன்.

அவர் சத்தமாகச் சிரித்தார். "நம்ம கதை வேற. நாம உழைக்கிறவங்க."

அக்கா சிரிக்கவில்லை. "அவன் வாத்தியார். பேரைப் பார்த்துச் சீட்டுக் கொடுக்கிற வேலை. அவ்வளவுதான். உங்க அக்கா பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்றேன், இப்பவே சொல்றேன். உங்க தம்பி அந்த நாற்காலில உட்கார வேண்டாம். காய்ச்சல்னு வீட்டுல படுத்துக்கட்டும். நம்மவன் மேல யார் கை வைப்பா?"

"உட்கார்ந்தா?"

கையிலிருந்த துணியால் சுத்தியலின் பிடியைத் துடைத்தார். மிரட்டுவதற்காக இல்லை, அவர் கை எப்போதும் எதையாவது செய்துகொண்டிருக்கும். "உட்கார்ந்தா, நான் உங்களவன் இல்லைன்னு அவனே சொல்லிக்கிட்ட மாதிரி."

கிளம்பும்போது என் கார் டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். "காத்து கம்மியா இருக்கு, இப்படியே ஹைவேல போகாதீங்க." குனிந்து நாலு டயருக்கும் காற்று அடித்துவிட்டுத்தான் அனுப்பினார்.

பாதி வழியிலேயே அக்கா தம்பிக்குப் போன் போட்டார். அவர்கள் பாஷையில் எனக்குப் புரிந்தது குரல் மட்டும்தான். முதலில் அதட்டல், அப்புறம் கெஞ்சல். மறுமுனையில் தம்பி சிரிக்கிறார். போனை வைத்த பிறகு அக்கா சொன்னார்: "அவனுக்குக் காய்ச்சல் வந்தா, அடுத்து உட்கார்றவர் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆளுங்க பேரெல்லாம் இங்க இல்லைன்னு திருப்பி அனுப்பிடுவாராம். அதனால காய்ச்சல் வர வசதிப்படாதாம்."

ஓட்டு நாள் ஞாயிற்றுக்கிழமை. இங்கே விடியும்போது அங்கே மதியம். அக்கா எங்கள் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். தோசை வார்த்துப் போட்டேன், ஆறிக்கொண்டிருந்தது. தம்பி ஒரு படம் அனுப்பினார். பள்ளிக்கூட வாசலில் வரிசை. அந்தப் பக்கத்துப் பெண்கள் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி நல்ல உடுப்பில் வந்திருந்தார்கள். 'இவர்களில் பலருக்கு என் பள்ளிக்கூடத்தின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்றே தெரியாது' என்று கீழே எழுதியிருந்தார். அக்கா அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது தம்பியின் பக்கத்து வீட்டுக்காரி யாரோ அங்கிருந்து கூப்பிட்டுச் சொன்னாள். ஓட்டு முடிகிற நேரத்தில் முகமூடிக்காரர்கள் புகுந்திருக்கிறார்கள். ஓட்டுப் பெட்டியை முற்றத்தில் போட்டுக் கொளுத்தியிருக்கிறார்கள். தம்பி பெட்டியை விடவில்லை. தாடை உடைந்திருக்கிறது, வலது கையும்.

நாட்டில் 'சம்மதம்' ஜெயித்துவிட்டது, கொஞ்ச வித்தியாசத்தில். டிவியில் கொடி ஆட்டினார்கள். இங்கேயே பிறந்த என் மகள் தன் ஃபோனில் படித்துவிட்டு ஓடி வந்தாள்: "ஆன்ட்டி, யுவர் சைட் வன்!" அக்கா அவள் தலையைத் தடவி "யெஸ், யெஸ்" என்றார்.

இரண்டு நாள் கழித்துக் கூரைக்காரர் அக்கா வீட்டுக்கு வந்தார், வீட்டில் சுட்ட சீஸ் ரொட்டியைத் தட்டோடு தூக்கிக்கொண்டு. நான்தான் கதவைத் திறந்தேன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நடிப்பில்லை, எனக்குத் தெரியும்.

"நம்ம பையனுக்கு இப்படி ஆயிடுச்சே! எங்க பசங்க இல்லை, யாரோ வெளியூர்க் காலிங்க. சத்தியமா."

அக்கா எழுந்திருக்கவில்லை. "எப்பலேர்ந்து நம்ம பையன்?"

"எப்பவுமே நம்மவன்தானே."

"தாடை ஒழுங்கா இருந்தப்ப இல்லை. அப்ப அது பேசிட்டு இருந்துச்சு."

அவர் தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ரொட்டியை என்ன செய்வதென்று அக்காவைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுப்பு மேடையிலேயே காய்ந்தது.

எரிந்த பெட்டிக்காக அந்தச் சாவடியில் மட்டும் மறுபடி ஓட்டு வைப்பதாக அறிவித்தார்கள். ஜெயித்தது ஜெயித்ததுதான், இது மாறப்போவதில்லை. ஆனாலும் விதி விதிதான். தம்பி, கம்பி கட்டிய தாடையோடு, மறுபடியும் நானே உட்காருகிறேன் என்று இடது கையால் எழுதிக் கொடுத்துவிட்டார். இந்தத் தடவை அக்கா யாரிடமும் போகவில்லை, தம்பியிடமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. டிக்கெட் போட்டார். ஊர் வம்பு எதுக்கு என்று கேட்ட என் வீட்டுக்காரரே பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்து, நெவார்க் வரைக்கும் கூட வந்தார். விமான நிலைய வாசலில், "அவனைக் கேட்டேன்னு சொல்லுங்க்கா" என்றார், தம்பியை என்னமோ கூடப் படித்தவர் மாதிரி.

மறு ஓட்டு நாளன்று மதியம் அக்கா அங்கிருந்து கூப்பிட்டார். அங்கே சாயங்காலம், பூட்டுகிற நேரம்.

"எப்படிங்க்கா இருக்கார்?"

"நல்லா இருக்கான். யாரும் தொடல."

போலீஸ் வண்டிகள் நின்றன. முகமூடி ஒருவனுக்கும் இல்லை. கிளப் பையன்கள் இஸ்திரி போட்ட சட்டையில் பாலத்தின் இந்த முனையில் வரிசையாக நின்று, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பேர் சொல்லி வணக்கம் சொன்னார்களாம். வேறு எதுவும் செய்யவில்லை. இந்தப் பக்கத்துக்காரர்கள் சிலர் வந்து ஓட்டுப் போட்டார்கள். பாலத்தைத் தாண்டி ஒரு ஆள்கூட வரவில்லை. தம்பி காலையிலிருந்து கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை, யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று.

"வாக்குப்பதிவு அமைதியா நடந்துச்சுன்னு ரேடியோல சொல்லிட்டாங்க" என்றார் அக்கா. "பொய் இல்லை. நீயே கேளு."

போனைப் பாலம் பார்த்த ஜன்னலுக்கு வெளியே நீட்டினார் போலிருக்கிறது. நான் காதில் அழுத்தி வைத்துக் கேட்டேன். ஆறு ஓடுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.