தடை செய்யப்பட்ட ஸ்பூன்

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவின் வலது கைக்குப் பாதி அசைவுதான் திரும்பியது. விரல்கள் மடங்கும், ஆனால் சோற்றைப் பிசைந்து எடுக்க வராது. ஸ்பூன் கொடுத்தால் நழுவிவிடும். அம்மா ஊட்டினாள். ஊட்டும்போது அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார், நாலு வாய் வாங்கியதும் போதும் என்பார். ஆள் பாதியாகிவிட்டார். எனக்கு வியாதியைவிட அவர் பார்க்கும் அந்தச் சுவர்தான் பயமாக இருந்தது.

உடற்பயிற்சி கொடுக்க வந்தவர், "கைப்பிடி தடியா, கொஞ்சம் வளைஞ்சாப்ல இருந்தா அவரே சாப்பிட்டுக்குவாரும்மா" என்றார். என்னிடம் ஒரு த்ரீடி பிரிண்டர் இருந்தது. கணினியில் வரைந்து கொடுத்தால் பிளாஸ்டிக்கை உருக்கி அந்த உருவத்தைச் செய்து தரும் இயந்திரம். திருக்காட்டுப்பள்ளியில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கும் நான், அதுவரை அதில் கொலுவுக்கு யானை மட்டும்தான் செய்திருந்தேன். விரல் பதியும் பள்ளங்களோடு ஒரு கைப்பிடி வரைந்து அனுப்பினேன்.

இயந்திரம் முடியாது என்றது. நான் வரைந்தது துப்பாக்கியின் பாகமாம்.

இயந்திரத்தை விற்ற கம்பெனிக்கு எழுதினேன். வீட்டில் யாரும் துப்பாக்கி செய்துவிடாதபடி இந்த இயந்திரங்களைக் கட்டுப்படுத்த, வெளிநாட்டில் எங்கோ ஒரு சட்டம் கொண்டுவரப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். சட்டம் இன்னும் வரவில்லை. இவர்கள் முன்ஜாக்கிரதையாக உலகம் முழுக்கப் பூட்டிவிட்டார்கள். பொருள் எதற்காக என்று பணிவாகக் கேட்டார்கள். தயிர்சாதத்துக்கு என்று எழுதினேன். அது எவ்வளவு தூரம் பாயும் என்று கேட்டார்கள். தட்டிலிருந்து வாய்வரை என்றேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது.

நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது வெளியே டமார் என்றது. பக்கத்து வயல் மாமா மயில் விரட்டுகிறார். பிளாஸ்டிக் குழாயையும் அடுப்பு லைட்டரையும் வைத்து அவரே செய்த துப்பாக்கி. குண்டு கிடையாது, சத்தம் மட்டும்; ஆனால் பூதலூர் வரை கேட்கும். எங்கள் பக்கம் பாதி வயல்களில் அது உண்டு. செய்வதற்கு யாரும் யாரிடமும் நோக்கம் சொன்னதில்லை.

வெயில் ஏறியதும் மாமா அப்பாவைப் பார்க்க வந்தார். துப்பாக்கியைக் கட்டிலில் வைத்தார். அப்பா கை நீட்டி அதன் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தார். தடித்து வளைந்த கைப்பிடி, மேலே சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. அது நழுவவில்லை.

நான் ரம்பத்தை எடுத்து வந்தேன்.

"என்னம்மா பண்ற? மயிலுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் மாமா.

"நாளைக்கு வேற செஞ்சுக்கங்க மாமா. உங்களைத்தான் யாரும் கேக்க மாட்டாங்களே."

மாமா துப்பாக்கியைக் கட்டிலிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். பிறகு நான் அறுப்பதற்கு வாகாகக் குழாயை அவரே அழுத்திப் பிடித்துக்கொண்டார். கைப்பிடியில் ஸ்பூனைச் செருகிப் பசை போட்டு இறுக்கினோம். கம்பெனி இன்னும் பரிசீலித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் மதியம் முதல் வாய் வேட்டியில் விழுந்தது. இரண்டாவது போய்ச் சேர்ந்தது. அப்பா சுவரைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தார். தட்டு காலியானதும் ஸ்பூனை அம்மாவுக்கு நேராக நீட்டினார்.

"இந்தா, ரசம் ஊத்து."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை நாளும் ஊட்டிய அம்மா, கரண்டியோடு இரண்டு கையையும் தூக்கினாள்.

"சுட்டுடாதீங்க, ஊத்துறேன்" என்றாள்.