சீமெந்துத் தரையில் காலடி இல்லை

ஞானேஸ்வரி ரீச்சருக்குப் பயம் காட்டத் தெரியும். போர் முடிந்து 2010இல் சனம் மீளக் குடியேறியபோது, மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மாங்குளம் பக்கமெல்லாம் போய், பிள்ளைகளுக்கு மிதிவெடிப் பாடம் எடுத்தவர் அவர். "இந்தப் படத்தைக் கண்டால் நில். அசையாதே. கத்திக் கூப்பிடு. வந்த காலடியிலேயே திரும்பிப் போ." அவரிடம் படித்த ஒருவருக்கும் கால் போகவில்லை.

இப்போது ஒட்டுசுட்டான் வீதியில் ஒரு சிறிய பாடசாலையில் இரண்டாம் ஆண்டுக்குப் படிப்பிக்கிறார். காட்டோரத்தில் வெடி அகற்றும் வேலை இன்னும் முடியாததால், அந்தப் பாடத்தை வருடத்துக்கு ஒரு தடவை எடுக்கிறார். போன மாதம் அவரைப் பயப்படுத்தியது வேறொன்று. காலைக் கூட்டத்தில் மூன்று பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். மூவரும் காலையில் சாப்பிட்டது ஒவ்வொரு பக்கற் மிக்சர்.

பழைய பலகை அலுமாரிக்குப் பின்னால் கிடந்தது. எடுத்துத் துடைத்தார். மேசையின் ஒரு பாதியில் மிக்சர், சிப்ஸ், கலர்த் தண்ணீர், அவற்றுக்கு முன்னால் மண்டையோடு. மறுபாதியில் அவித்த கௌப்பிப் பயறு, கொய்யா, பப்பாசி. அதைச் சுற்றி, வெடி அகற்றிய காணிக்கு நடுவதுபோல, வெள்ளை பூசிய சின்னத் தடிகள்.

"எந்தப் பக்கம் போவியள்?"

"வெள்ளைப் பக்கம், ரீச்சர்."

அன்றைக்கு ஒரு பிள்ளையும் பக்கற் உடைக்கவில்லை. ரீச்சருக்குச் சந்தோஷம்.

பின்னேரம் இரண்டரைக்குத் தொலைபேசி அடித்தது. வகுப்பில் படிக்கும் மேனுகாவின் தாய் இலட்சுமி. வீட்டு முன்னறையில் கடை வைத்திருப்பவள்.

"கெதியா வாங்கோ ரீச்சர். பிள்ளை கடைக்குள்ள நிக்கிறாள். அசையிறாளில்லை."

"பாம்போ?"

"பாம்பில்லை. என்னையும் உள்ள வரவேண்டாமாம்."

ஸ்கூட்டியில் போய் இறங்கியபோது, மேனுகா கடையின் நடுவில் இரண்டு காலையும் ஒட்டி வைத்தபடி நின்றாள். கைகள் நெஞ்சோடு. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அவள் தலையைச் சுற்றி மிக்சர் பக்கற்றுகள் சரம் சரமாகத் தொங்கின. தினமும் போல உள்ளே வந்தவள், பாதி வழியில் நிமிர்ந்து பார்த்திருக்கிறாள்.

"ஒரு மணித்தியாலமா இப்பிடித்தான்," என்றாள் இலட்சுமி. "நான் காலை வைச்சாலே கத்துறாள்."

"மேனுகா, வந்த மாதிரியே திரும்பி வாம்மா."

"காலடி இல்லை, ரீச்சர்."

சீமெந்துத் தரை. காலையில்தான் கழுவியது. ஒரு தடமும் இல்லை. பிள்ளை பாடத்தை ஒரு சொல் தவறாமல் படித்திருக்கிறாள்.

ரீச்சர் கைப்பையிலிருந்து சோக்கை எடுத்தார். வாசற்படியில் குந்தி, வெள்ளையாக ஒரு பாதம் கீறினார்.

"இது துப்புரவாக்கின இடம். சரியோ?"

"ஓம்."

இன்னொரு பாதம். இன்னொன்று. அது வெறும் கடை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கீறாத இடத்தில் தன் காலை வைக்க அவராலும் முடியவில்லை. ஒன்பதாவது பாதம் மேனுகாவின் விரல்களைத் தொட்டது. கையைப் பிடித்து, ஒவ்வொன்றாக மிதித்து வெளியே கூட்டி வந்தார்.

இலட்சுமி பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். "பல்லுப் பழுதாப் போகுமெண்டு சொல்லியிருக்கலாமே ரீச்சர். கால் போகுமெண்டே சொன்னனீங்கள்?"

ரீச்சர் விரலில் ஒட்டிய சோக்குத் தூளைச் சேலையில் துடைத்தார்.

பக்கத்து வீட்டு அப்புத்துரை சைக்கிளை நிறுத்தினார். "என்ன பிள்ளை, முதலாளியே வெளியில நிக்கிறா? கால் கிலோ சீனி தா."

இலட்சுமி உள்ளே போகப் பார்த்தாள். மேனுகா இரண்டு கையாலும் தாயின் பாவாடையைப் பிடித்தாள். "அம்மா போகவேண்டாம். அம்மான்ர கால் பெரிசு. கோட்டுக்கு வெளியில போகும்."

அப்புத்துரையின் சிரிப்பு நின்றது. அவருக்கு ஒரு கால் பொய்க்கால்.

"நான் எடுத்துத் தாறன்," என்றார் ரீச்சர். செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் சோக்குப் பாதத்தில் காலை வைத்தார். சீனி வாளி கடைசிப் பாதத்துக்கு அப்பால் இருந்தது. குனிந்து இன்னும் இரண்டு கீறினார்.

"பாத்து, ரீச்சர்," என்றார் பின்னாலிருந்து அப்புத்துரை.