பாலாற்றில் விட்ட முயல்

நேற்று மாலை நடந்தவை:

1. சத்துவாச்சாரியில் எங்கள் மாடி வீட்டுக்காரர் அட்டைப்பெட்டியோடு படியிறங்கினார்.
2. ஈரப் புல்லும் மூத்திரமும் கலந்த வாடை வந்தது.
3. உள்ளே, அவர் மகள் ஆசைப்பட்டு வாங்கிய வெள்ளை முயல்.
4. "மலையாண்ட விட்டுட்டு வர்றேம்மா. அங்க புல்லு ஜாஸ்தி" என்றார்.

அந்த வாடை என்னை எட்டு வயதுக்குக் கொண்டுபோனது. ஆம்பூரில் அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில் தரம் பிரிப்பவர். தோல் நாற்றத்துக்கு முயல் மிரளும் என்று, இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே எங்கள் முயல் சின்னியைத் தூக்குவார். வீடு மாறியபோது அவரேதான் அதைப் பாலாற்று மணலில் விட்டார்.

"இன்னாத்துக்கு அழுவுற? காட்டு ஜீவன், பொழச்சிக்கும்."

மறுநாள் போய்ப் பார்த்தேன். நாய்கள் மிச்சம் வைத்திருந்தது கொஞ்சம் வெள்ளை ரோமம்தான். தோலைத் தடவியே ஆட்டின் நோயைச் சொல்பவருக்கு, கூண்டில் பிறந்த முயலுக்கு நாயிடமிருந்து தப்பத் தெரியாது என்பது தெரியவில்லை. இன்றும் உறவினர்களிடம் அதற்கு விடுதலை கொடுத்ததாகத்தான் சொல்கிறார்.

நேற்று மாடி வீட்டுக்காரரின் படியை மறித்து நின்றேன். "நாய் வந்தா எங்க சார் ஓடும் இது?"

"பொண்ணு ஹாஸ்டல் போய்ட்டா. நான் இன்னா பண்றது?"

"வாங்கத் தெரிஞ்சுதுல்ல? வேற வீடு பார்க்கவும் தெரியணும். பெட்டிய குடுங்க."

முயல் இப்போது என் பால்கனியில் இருக்கிறது. இரண்டு பேர் கேட்டார்கள். கறிக்குக் கேட்டவரை மறுத்துவிட்டேன். காட்பாடி ஆசிரியை ஒருவர் வளர்க்கக் கேட்கிறார். ஞாயிறன்று அவர் வீட்டுக் கூண்டைப் பார்த்த பிறகே கொடுப்பேன்.