பிரிக்காத பொட்டலம்

குடும்ப மானமாச்சே என்று ஆறு வருடங்களாக இதை எழுதத் தயங்கினேன்.

இங்கே சிங்கப்பூரில், என் மகளுக்கு உட்லண்ட்ஸிலிருந்து நல்ல வரன் வந்தது. தேக்கா சந்தையில் பூ வாங்கி, அம்மன் சன்னிதியில் பூ கட்டிப் பார்த்தோம். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு என இரண்டு பொட்டலங்களையும் மடித்தது என் நாத்தனார். நான் ஒன்றை எடுப்பேன். மற்றதைப் பிரிக்கும் வழக்கமில்லை. மூன்று வெள்ளிக்கிழமையும் சிவப்பு. நான் அழுதுவிட்டேன்.

மகள் மட்டும், “எட்டுல ஒரு வாட்டி இப்படி வரலாம் லா. ஆனா அந்த இன்னொண்ணையும் பிரிங்கம்மா” என்றாள்.

பிரித்தேன். அதுவும் சிவப்பு!

அந்தப் பையன் மேல் நாத்தனாருக்குத் தன் மகளுக்காக ஒரு கண் இருந்தது அப்போதுதான் புரிந்தது.

“ஏன் அண்ணி, தேக்காவுல வெள்ளைப் பூவுக்குப் பஞ்சமா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

அந்தப் பையனோடவே நடந்த மகள் கல்யாணத்தில் நாத்தனாரை முன்வரிசையில் உட்கார வைத்து, இரண்டு முழம் மல்லிகை கொடுத்தேன். “வெள்ளைதான் அண்ணி, நல்லாப் பாத்துக்குங்க.”

இன்றும் அம்மனிடம் பூ கேட்கிறேன். ஆனால் நானே மடிக்கிறேன், இரண்டையும் பிரிக்கிறேன்.

‘ஏதோ கைத்தவறு’ என்று நாத்தனார் இன்னும் சொல்லித் திரிகிறார். அதனால் இதை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் நாலு பேருக்குச் சொல்லுங்கள். அவரும் இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்தான்.