சாவிக்கொத்தும் சாய்கிற முள்ளும்

அந்தத் தெருவில் அவரை மறதி என்றுதான் கூப்பிடுவார்கள். வாடகைக் கார் ஓட்டுகிறவர். வழியை ஒருநாளும் மறந்ததில்லை, ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்று சொன்ன ஆளை மறந்ததில்லை. மறப்பதெல்லாம் சாவியை மட்டும்தான். டீக்கடைப் பலகையில் வைப்பார், பல் தேய்க்கிற குவளைக்குள் போடுவார், ஒரு தடவை அரிசி டப்பாவுக்குள்ளிருந்து வந்தது.

"நம்ம வீட்டுப் பூட்டை உடைச்சு உடைச்சே பூட்டுக்காரன் மாடி கட்டிட்டான்" என்பாள் அவர் மனைவி. சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறவளா அவள்? வாசல் கதவு, பின்கதவு, கேட், பீரோ, மொட்டைமாடி, தண்ணீர் மோட்டார் பெட்டி, எல்லாச் சாவியையும் கார் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்தாள். போதாது என்று கைப்பிடி அளவுக்கு ஒரு பித்தளை மணியையும் மாட்டினாள்.

"காரை எங்கயும் மறந்துட்டு வரமாட்டீங்கல்ல? அப்போ சாவியும் கூடவே வந்துடும்."

வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சாவிகூடத் தொலையவில்லை. அவளுக்கு அதில் பெருமையான பெருமை.

கார்தான் படுத்த ஆரம்பித்தது. ஓடிக்கொண்டே இருக்கும்போது பெட்ரோல் முள்ளும் சூடு காட்டுகிற முள்ளும் மயக்கம் போட்டு விழுவதுபோல் அப்படியே கீழே சாயும், கொஞ்ச தூரம் போனதும் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து நிற்கும். பிறகு முள்ளோடு சேர்ந்து இன்ஜினும் அணைய ஆரம்பித்தது. காலையில் சாவியைத் திருப்பினால் சில நாள் ஒரு சத்தமும் வராது. பத்து தடவை கெஞ்சினால் பதினோராவது தடவை கிளம்பும்.

எலெக்ட்ரீஷியன் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். பேட்டரியை மாற்றினார்கள், முனைகளைச் சுரண்டித் துடைத்தார்கள், எர்த் வயரைப் புதிதாகப் போட்டார்கள். பட்டறையில் இருக்கிறவரைக்கும் கார் சொன்ன பேச்சைக் கேட்கும். வீட்டுக்கு வந்ததும் பழைய குணம் திரும்பிவிடும்.

மறதிக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் டீச்சரம்மா. சிறுநீரகம் கெட்டு, ரத்தம் சுத்தம் பண்ண வாரத்துக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர். போக வர மறதியின் கார்தான். குடும்பத்துக்கு நிலையாக வருகிற வருமானமும் அதுதான். போன வாரம் பாலத்து ஏற்றத்தில் கார் நின்றுபோய், டீச்சரம்மாவின் முறை தவறி, அன்றைக்கு முழுக்க மூச்சு வாங்கிக்கொண்டு காத்திருந்தார். அவர் மகன் கோபப்படக்கூட இல்லை.

"இன்னொரு தடவை நின்னா வேற வண்டி வச்சுக்கறோம் மாமா. அம்மா உசுரு விஷயம், தப்பா எடுத்துக்காதீங்க."

எப்படித் தப்பாக எடுத்துக்கொள்வது? அவன் சொன்னது நியாயம். அந்த நியாயம்தான் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

காரை மறுபடி பட்டறையில் விட்டிருந்தார். அடுத்த சவாரி நாளில் அதை எடுத்துவரக் காலையிலேயே போனார். மனைவியும் கூட வந்தாள். "இந்தத் தடவை நானே கேக்கறேன், உங்களை நல்லா ஏமாத்தறாங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

எலெக்ட்ரீஷியன் கையைத் துடைத்தபடி வந்தார். "அண்ணே, நேத்து முழுக்க நானே ஓட்டினேன். மேடு பள்ளம் ஒண்ணு விடல. உங்க வண்டிக்கு ஒரு நோயும் இல்ல. உங்களைப் பாத்தாதான் அதுக்கு மயக்கம் வருது."

"என்னைப் பாத்து இவளே மயங்கல, காரா மயங்கும்?" என்றார் மறதி. அவருக்கே சிரிப்பு வரவில்லை.

கார் சாவியை நீட்டினார்கள். அதை மனைவி வாங்கி, இடுப்பில் செருகியிருந்த கொத்தில் கோத்து அவரிடம் கொடுத்தாள். பட்டறையில் விடும்போதெல்லாம் கார் சாவியைக் கழற்றி அதை மட்டும்தான் கொடுப்பாள். வீட்டுச் சாவியை ஊரான் கையில் கொடுக்கிற ஜாதி இல்லை அவள்.

கிளம்பியது. பட்டறை வாசலில் சாக்கடை மேல் போட்ட பலகைக்கல் ஒன்று தூக்கிக்கொண்டு நிற்கும். அதில் சக்கரம் ஏறி இறங்கியதும் இரண்டு முள்ளும் சாய்ந்தன, இன்ஜின் அணைந்தது. மறதி ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

எலெக்ட்ரீஷியன் ஓடிவந்து ஜன்னலுக்குள் தலையை விட்டார். மணி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"இது நேத்து இல்லையே அண்ணே."

"அது வீட்டுச் சாவி. உங்களுக்கெதுக்கு அது?" என்றாள் மனைவி பின்சீட்டிலிருந்து.

அவர் கொத்தை உள்ளங்கையில் ஏந்தித் தூக்கினார். முள் எழுந்தது. கீழே இழுத்தார். முள் விழுந்தது.

"சாவிக்குப் பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கு அக்கா. இந்தக் கனம் தினம் தொங்கித் தொங்கி உள்ள இருக்கிற தகடு தேஞ்சுபோச்சு. குலுங்கினா கனெக்ஷன் விட்டுடுது, முள்ளுக்கும் கரண்ட் போகாது, இன்ஜினுக்கும் போகாது. காலையில கிளம்பாததும் இதாலதான்."

"ஒரு கொத்துச் சாவி காரை நிறுத்துமா? நம்பற மாதிரி ஏதாவது சொல்லுங்க."

"நீங்களே இழுத்துப் பாருங்க."

முன்னால் எட்டி ஒற்றை விரலால் இழுத்தாள். முள் விழுந்தது. விட்டாள், எழுந்தது. மறுபடி இழுத்தாள். பிறகு வளையத்திலிருந்து கார் சாவியை மட்டும் கழற்ற ஆரம்பித்தாள். மறதி அவளைப் பார்த்தார். ஒரு வார்த்தை கிண்டல் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக வளையத்தை விரித்துப் பிடித்துக் கொடுத்தார்.

புது சுவிட்ச் மாட்டி முடிந்ததும் நேரே டீச்சரம்மா வீட்டுக்கு விட்டார். கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று மனைவி இறங்க மறுத்துவிட்டாள். பாலம் வந்தது. ஏற்றம், குழி, வேகத்தடை. முள் அசையவில்லை.

"என்னப்பா, கண்ணு ரோட்டுல இல்லாம முள்ளுலயே இருக்கு?" என்றார் டீச்சரம்மா.

"இனிமே பாக்க மாட்டேன் டீச்சர்" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார்.

முறைக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தார்கள். சாயங்காலம் டீச்சரம்மாவைக் கைத்தாங்கலாக வீட்டுக்குள் கொண்டுபோய் உட்காரவைத்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினார் மறதி. தங்கள் வீட்டு வாசலில் மனைவி கையை நீட்டினாள்.

"கொத்து எங்க? உங்க கையிலதான குடுத்தேன்."

ஒரு பையைத் தடவினார், இன்னொரு பையைத் தடவினார். அவள் நெற்றியில் அடித்துக்கொள்ளக் கை தூக்கும்போது போன் அடித்தது. டீச்சரம்மாவின் மகன்.

"மாமா, மணி வச்ச ஒரு சாவிக்கொத்து எங்க மேஜை மேல கிடக்கு. நாளன்னிக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போக வருவீங்கல்ல, அப்போ எடுத்துக்கறீங்களா?"

"நாளன்னிக்கா" என்றார் மறதி. வேறு வண்டி என்ற பேச்சே இல்லை. பூட்டின கதவில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"சிரிப்பென்ன வேண்டியிருக்கு? காரைத் திருப்புங்க" என்றாள் அவள், தானும் சிரித்துக்கொண்டே.