தேர்த் தெருவில் இறங்காத கார்

சசிகலாவை முதலில் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது அவருடைய கால்கள் மட்டும்தான். வெள்ளிக் கொலுசும் ரப்பர் செருப்புமாக இரண்டு கால்கள் ஒரு காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் வண்டிகளைப் பார்த்துப் படம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஆரணியில் சாயப்பட்டறைக்குப் பக்கத்துச் சந்து என்று முகவரி கொடுத்திருந்தார்கள்.

"மேடம், இன்சூரன்ஸ்லேர்ந்து வந்துகிறேன்."

"இருப்பா. நட்டு கையில கீது."

அவர் வெளியே வரும்வரை காரைச் சுற்றி வந்தேன். பட்டுச் சேலைக்காரர்கள் அரக்கு என்று சொல்வார்களே, அந்த நிறம். உட்கார இரண்டே இடம். கூரை கித்தான் துணி. கொக்கிகளை விடுவித்து இழுத்தால் பின்னால் மடங்கிக்கொள்ளும். இப்படி ஒரு வண்டியை எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் பார்த்திருக்கிறேன். அதனால் கேட்டேன்.

"மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடறீங்களா மேடம்? வெள்ளை போர்டுல அப்படி ஓட்டக்கூடாது."

முந்தானையை இடுப்பில் செருகியபடி வெளியே வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. கன்னத்தில் கிரீஸ்.

"ஏம்பா, தெறந்த காருன்னா அதுல மாப்பிள்ளைதான் குந்தணுமா? நர்ஸு குந்தக்கூடாதா? படிச்ச புள்ளதானே நீ?"

படித்த பிள்ளைதான். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். தேசூர் பக்கத்துக் கிராமம், அப்பா கூலி வேலை, நான் பி.ஈ. என்று அவரிடமும் சொல்லிவிட்டேன். "நானும் எங்க வூட்ல மொத ஆளுதான்" என்றார். "குந்து. டீ குடிச்சிட்டு அப்பறம் போட்டோ புடி."

என்னை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆரணியில் அவரைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் வாடகை என்ன என்றுதான் கேட்கிறார்கள். ஒரு முகூர்த்த நாளில் பஸ் ஸ்டாண்டு அருகே இரண்டு மேளக்காரர்கள், தாங்கள் முன்னால் போகவேண்டிய வண்டி இதுதான் என்று நினைத்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். இவரும் மருந்துக்கடை வரைக்கும் அவர்கள் பின்னாலேயே ஊர்ந்து போயிருக்கிறார். "நல்லா வாசிச்சாங்க. எதுக்கு நிறுத்தச் சொல்லணும்?"

சசிகலா பிறந்தது தேவிகாபுரம் போகும் வழியில் உள்ள ஒரு கிராமத்தின் காலனியில். அப்பா காத்தவராயன் அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர். அவரிடம் ஒரு சைக்கிள் இருந்தது. ஊருக்குள் கோயிலை ஒட்டிப் போகும் தேர்த் தெரு வந்தால் காலனி ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். கேரியரில் உட்கார்ந்திருந்த சசிகலாவும் இறங்க வேண்டும். காலில் முள் குத்தி வீங்கியிருந்த நாளிலும் இறங்கியிருக்கிறார். என் அப்பாவும் இப்படித் தள்ளியவர்தான். வேறு ஊர், வேறு தெரு.

பிறகு படித்து, கிராம சுகாதார செவிலியராகி, சுற்று வட்டாரத்துக்கெல்லாம் நர்ஸம்மா ஆனார். தடுப்பூசிப் பெட்டியோடு மொபெட்டில் தேர்த் தெருவுக்குள் போனபோது யாரும் இறங்கச் சொல்லவில்லை. ஊசி அவசரம். ஆனாலும் சில வீடுகளில் பிள்ளையை வாசலுக்குத் தூக்கி வந்து காட்டினார்களே தவிர, இவரை உள்ளே கூப்பிடவில்லை.

இந்தக் கார் ஆரணியில் ஒரு பட்டு வியாபாரி வீட்டு நூல் கொட்டகையில் எலி குடும்பம் நடத்தக் கிடந்தது. வாங்கி ஓட்டிய மகன் வெளிநாடு போய்விட்டான். செய்த கம்பெனியும் இந்த மாடலை எப்போதோ நிறுத்திவிட்டது. இதையா வாங்குவது, ஒரு ஏசி கார் வாங்கக்கூடாதா என்று உறவெல்லாம் கேட்டது. நானும் கேட்டிருக்கிறேன்.

"கண்ணாடிய ஏத்திகினு, உள்ள யார் கீறாங்கன்னே தெரியாம ஒளிஞ்சிகினு போவறதுக்கா நான் சம்பாரிச்சேன்?" என்றார்.

வண்டியை வைத்துக்கொள்வது லேசில்லை. அதற்கென்று ஒரு பொருள் எந்தக் கடையிலும் கிடைக்காது. வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் கோகுல்ராஜ்தான் வேறு வண்டிகளிலிருந்து எடுத்துப் பொருத்தித் தருவான். கூரை கிழிந்தபோது லாரிக்குத் தார்ப்பாய் தைப்பவரிடம் போனார்கள். கூரையோடு வரும் பின் ஜன்னல் பிளாஸ்டிக் மஞ்சளாகப் பழுத்துப் போனதால் ஆட்டோவின் மழைத்திரைக்குப் போடும் பிளாஸ்டிக்கை வைத்துத் தைத்தார்கள். ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடுவதை மறந்து வருஷமாகிறது. அதற்கு வீட்டு காலிங் பெல் ஸ்விட்சு ஒன்று டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கிறது. சூட்டு முள் மேலே ஏறினால் சசிகலா அதை அழுத்துவார். கதவுக்கு அடியில் தண்ணீர் வடியும் துளையை வேப்பம்பூ அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் சீட்டுக்கு வந்துவிடும். அதைக் குத்திவிடுவதற்கென்றே ஒரு குடைக்கம்பி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பிவிடுவார். நெசவாளர் தெருவில் தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்திருந்தால் ஹாரன் அடிக்கமாட்டார். எஞ்சினை அணைத்துவிட்டு, அவர்கள் சுருட்டி எடுக்கும்வரை பேசிக்கொண்டிருப்பார். ஊரைத் தாண்டியதும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சேத்துப்பட்டுப் பக்கம் விடுவார். ஒருமுறை நானும் போனேன். மூடிய காரில் ரோடு ஓடுவதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். இதில் வேர்க்கடலை அவிக்கும் வாசனை, புளியமர நிழலின் குளிர்ச்சி, ஏரியை ஒட்டித் திரும்பும்போது முகத்தில் அடிக்கும் ஈரக்காற்று எல்லாம் மடியிலேயே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஒரு சங்கடம் மட்டும் உண்டு. வண்டியின் வயிறு தரைக்கு வெகு அருகில். பெரிய வேகத்தடை வந்தால் பக்கத்தில் இருப்பவர் இறங்கிக்கொள்ள வேண்டும். நான் பலமுறை இறங்கி ஏறினேன்.

போன வைகாசியில் அவருடைய தம்பி குணாவின் மகள் அன்புச்செல்விக்குக் கல்யாணம். மண்டபம் தேவிகாபுரத்தில். காலனியிலிருந்து மண்டபத்துக்கு நேர்வழி தேர்த் தெருதான். ஆனால் காலனிப் பெண் அழைப்பு எதுவும் அந்த வழியாகப் போனதில்லை. ஏரிக்கரையைச் சுற்றித்தான் போகும்.

"என் கார்ல, கூரைய தெறந்து, தேர்த் தெரு வழியா கூட்டிகினு போவேன். எங்கயும் இறங்கமாட்டோம்" என்றார் சசிகலா.

குணா பயந்தார். "எதுக்குக்கா பேஜாரு? நீ ஆரணிக்குப் போயிடுவ. நாளைக்கு அவங்க வயல்லதான் நான் நிக்கணும்."

"பொண்ணைக் கேளு."

அன்புச்செல்வி எம்.எஸ்சி. முடித்தவள். "அத்தை இறங்கலன்னா நானும் இறங்கமாட்டேம்பா" என்றாள்.

சேதி ஊருக்குள் போனது. தேர்த் தெருவின் பெரிய கை சின்னக்கண்ணு. நேரில் வந்து, குரலை உயர்த்தாமல் பேசினார்.

"நர்ஸம்மா, நீங்க எங்களுக்கு வேண்டியவங்க. தாராளமா போங்க. கூரைய மட்டும் போட்டுகினு ஜல்தியா போயிடுங்க. உள்ள யாருன்னு யாருக்கும் தெரியாது."

"தெரியணும்னுதானே போறேன்."

"கோயிலுக்கு எதிர்ல இப்பதான் வேகத்தடை போட்டுகிறாங்க. உங்க காரு ஏறாது. எப்படியும் பொண்ணு அங்க இறங்கித்தான் ஆவணும்" என்று சிரித்தார்.

அதுதான் விஷயமாகிப் போனது. காரை அவர்களும் பார்த்திருக்கிறார்கள், எங்கே ஆளை இறக்குவார் என்பதும் தெரியும். கோகுல்ராஜை அழைத்துக்கொண்டு போய் வேகத்தடையைப் பார்த்தோம். அவன் குந்தி, சாண் வைத்து அளந்து, உதட்டைப் பிதுக்கினான்.

"எஞ்சினுக்கு அடியில கீற ஆயில் சம்பு இடிச்சா வண்டி அங்கயே நின்னுடும் நர்ஸம்மா. அதுக்கு அடியில தகடு வெச்சுத் தரேன். சாய்ச்சு ஏத்துங்க, ஒவ்வொரு சக்கரமா. ஆனா சைலன்ஸரு தப்பாது."

"போவட்டும்."

"அது நானே வெட்டி வெல்டு பண்ணது. வேற கிடைக்காது."

"போவட்டும்னு சொன்னேன்ல."

போலீஸ் ஸ்டேஷனில் தகவல் சொல்லிவைத்தார். அனுமதி கேட்கவில்லை. "ரோடு கவர்மெண்டுது. நான் கட்டின ரோடு டாக்ஸும் அதுல கீது."

பெண் அழைப்பு அன்று மாலை, பூ அலங்காரம் காற்றில் பிய்ந்துவிடும் என்ற சாக்கில் குணா கூரையைத் தூக்கி மூடிக் கொக்கியை மாட்டிவிட்டார். சசிகலா ஸ்பேனரை எடுத்து வந்தார். போல்ட்டுகளைக் கழற்றி, கூரையைக் கம்பியோடு பிய்த்து எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தார். "பத்திரமா வூட்ல வை."

பேண்டு முன்னால் போக, கார் தேர்த் தெருவுக்குள் நுழைந்தது. காலனி சனம் பின்னால் வந்தது. கடைசியில் என் பைக். தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். சின்னக்கண்ணு கோயிலுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேகத்தடை அருகே பேண்டு நின்றுவிட்டது. அன்புச்செல்வியின் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது.

"உக்காருடி" என்றார் சசிகலா.

காரைச் சாய்த்து ஏற்றினார். ஒரு முன்சக்கரம் ஏறியது. அடுத்தது ஏறியதும் அடிவயிறு சிமெண்டில் உராயும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. கார் அப்படியே ஆடி நின்றது. "இறங்கச் சொல்லு" என்று யாரோ சிரித்தார்கள். சசிகலா ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். பின்சக்கரம் துள்ளி ஏறி இறங்கியது. ஏதோ முறிந்து ரோட்டில் விழுந்தது.

அதற்குப் பிறகு வந்த சத்தத்தை ஒரு காரின் சத்தம் என்று சொல்லமுடியாது. லாரி, டிராக்டர், வெடி மூன்றையும் ஒன்றாகக் கட்டி இழுத்த மாதிரி. மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு திமிறின. பேண்டுக்காரர்கள் வாசிக்கத் தொடங்கி, அவர்களுக்கே கேட்காமல் விட்டுவிட்டார்கள். வீட்டுக்குள் இருந்தவர்களும் வெளியே வந்தார்கள். தேர்த் தெருவில் அன்று மணப்பெண்ணைப் பார்க்காதவர் ஒருவரும் இல்லை. சின்னக்கண்ணுவின் மருமகள் மாடியில் நின்று ஃபோனில் படம் பிடித்தாள். "உள்ள போ" என்று அவர் கத்தியது அவளுக்குக் கேட்டிருக்காது. அன்புச்செல்வி திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பு மட்டும் எனக்குத் தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

ஒன்றும் ஆகாமல் போய்விடவில்லை. குணாவை இரண்டு பேர் வயலுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவர் இப்போது சேத்துப்பட்டில் அரிசி ஆலைக்குப் போகிறார். அக்காவோடு சில வாரம் பேசவில்லை, பிறகு பேசினார். ஆவணியில் நடந்த காலனிக் கல்யாணம் ஒன்று, வாடகை ஜீப்பில், தேர்த் தெரு வழியாகப் போனது.

சசிகலா அதே வட்டாரத்தில்தான் வேலை பார்க்கிறார். ஓய்வு பெற இன்னும் வருஷங்கள் இருக்கின்றன. கோகுல்ராஜ் வேறு சைலன்ஸர் செய்து மாட்டியிருக்கிறான், பழையதைவிடக் கொஞ்சம் சத்தம் அதிகம். கார் ஆரணியில் சாயப்பட்டறைச் சந்தில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடுகிறது.